ஆளுக்கொரு சொட்டுத் தேத்தண்ணி

1

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக என்மேல் ஒரு முறைப்பாடு வந்தது. நோயாளி ஒருவரின் மகன், நான் என் வேலையைச் செய்யாமல் அதைத் தன் வயதான தாயின் தலையில் கட்டிவிட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் வாங்கிய வீட்டைப் பற்றி எழுதுவார்கள், பிள்ளைகளின் பட்டத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் வாங்கிய முறைப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் தலைநிமிர்ந்துதான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் ஜெசிந்தா. இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பதுளையில் தாதியாகப் படித்து, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது இங்கிலாந்தின் வடக்கில், மலையும் மழையும் ஆடுகளுமாக இருக்கிற ஒரு சிறிய ஊரில், முதியவர்களின் வார்டில் தாதியாக இருக்கிறேன்.

இங்கே வேலைக்குச் சேருமுன் நான் எழுதிய பரீட்சைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆங்கிலத்துக்கு ஒன்று. மருந்துக் கணக்குக்கு ஒன்று. கை கழுவத் தெரியும் என்பதற்குக்கூட ஒன்று வைத்தார்கள். ஒரு அம்மா பக்கத்தில் நின்று என் விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றிலும் தேறினேன். ஆனால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வீட்டு மனிதரை என்ன செய்வது என்று ஒரு பரீட்சையிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முதல் ஆளாக வந்திருப்பேன்.

2

ஆர்தர் ஆடு வளர்க்கிறவர். பெரிய பாரிசவாதம் அடித்து எங்கள் வார்டுக்கு வந்தார். பேச்சு போய்விட்டது. விழுங்கும் சக்தியும் போய்விட்டது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். பார்க்க வேண்டிய வைத்தியமெல்லாம் பார்த்த பிறகு, இனி அவரை வதைக்காமல், வலியில்லாமல் வைத்துக்கொள்வோம் என்று டாக்டர்மார் முடிவெடுத்தார்கள். சில நாட்கள்தான் இருந்தன.

அவருடைய மனைவி எடித் தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். கட்டிலுக்கு அருகில் உள்ள கதிரையில் உட்காருவார். மேல்கோட்டைக் கழற்றமாட்டார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பார்வையாளர் நேரம் முடிந்ததும் ஆர்தரின் முகத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கிளம்புவார்.

ஒருநாள் நான் ஆர்தரைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார். அவர் கேட்டதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். இங்கிலீஷ்காரரைப் பேச வைக்க எனக்கு வேறு தமிழ் வராது.

"மிஸ், அவர் கையத் தொடலாமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த மனிதரின் கையைத் தொட என்னிடம் அனுமதி கேட்கிறார். யாரும் அவரைத் தொட வேண்டாம் என்று சொல்லவில்லை. கையுறை போட்ட நாங்கள், கட்டிலைச் சுற்றி இழுக்கிற திரை, சத்தம் போடுகிற இயந்திரங்கள், எல்லாம் சேர்ந்து அவருக்கு அப்படிச் சொல்லிவிட்டன. இந்த ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் வீட்டாருக்குச் சொந்தமில்லாமல் போய்விடுகிறார்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறு. நாங்கள் ஆட்களை விரட்டி அலுத்துப்போவோம். சாப்பாட்டுக் கூடையோடு வருகிற மனைவி, வந்த வேகத்தில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனுடைய முகத்தைத் துடைத்து, தலையை வாரி, பக்கத்துக் கட்டில் நோயாளிக்கும் ஒரு பிடி சோறு ஊட்டிவிட்டுத்தான் உட்காருவாள். அப்போது அது எனக்கு இடைஞ்சலாகப் பட்டது உண்டு. எடித்தைப் பார்த்தபோது அந்த இடைஞ்சலுக்காக ஏங்கினேன்.

3

பதுளையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

சன்னாசி என்று மடுல்சீமைத் தோட்டத்து ஆள் ஒருவர், குடலிறக்கத்துக்காக எங்கள் வார்டில் இருந்தார். ஒப்பரேஷன் அன்று மத்தியானத்துக்குப் பிறகு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் கூடாது என்று சொல்லியிருந்தோம். எல்லா ஒப்பரேஷனுக்கும் உள்ளதுதான். ஆனால் துணைக்கு நின்ற அவருடைய மனைவி அதை முதல் நாள் இரவே தோட்டத்துக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்: "பச்சத்தண்ணி கூட குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். டாக்டரே தண்ணீரை நிறுத்திவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார். அன்றைக்கு அந்த லயத்திலிருந்து காலைப் பெரட்டில் யாரும் வேலைக்குப் பேர் கொடுக்கவில்லை. கொழுந்து லொறியைப் பிடித்து, அந்தப் பாதையில் குலுங்கிக் குலுங்கி, மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு மொத்தமாக வந்து இறங்கினார்கள். முன்னால் சன்னாசியின் அக்கா பாப்பாத்தி. கையில் ஒரு செம்பு. செம்பில் பால்.

சாகப்போகிறவருக்குக் கடைசியாகச் சொந்தபந்தம் ஆளுக்கொரு வாய் பால் ஊற்றுகிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் வேதக்காரி, எங்கள் வீட்டில் ஜெபம்தான். ஆனால் லயத்தில் வளர்ந்தவளுக்கு அந்தச் செம்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்த சன்னாசிக்கும் விளங்கிவிட்டது. நன்றாக இருந்த மனிதர் முகம் வெளுத்து அப்படியே சாய்ந்துவிட்டார்.

"மிஸ்ஸி, உண்மையச் சொல்லுங்க. நான் சாகப்போறேனா?"

"இல்லீங்க! குடலிறக்கத்துக்கு யாருங்க சாகுறா?" என்று கத்தினேன். பாப்பாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, ஒரு சொட்டு உள்ள போனாலும் ஒப்பரேஷன் நடக்காது. மயக்க மருந்துல வாந்தி வந்து மூச்சுல அடைச்சிரும். பாலாலேயே கொன்னுறாதீங்க."

பாப்பாத்தி நம்பினார். ஆனாலும் நகரவில்லை. "சரி தாயி, சாகல. சந்தோஷம். ஆனா இம்புட்டுச் சனமும் வேலைய விட்டுட்டு வந்துருக்கு. வெறும் கையா நின்னு பாத்துட்டா போகச் சொல்ற? நீயும் தோட்டத்துப் புள்ளதானே?"

அப்போது வார்டுக்குப் பொறுப்பாக இருந்த குசுமா மிஸ்ஸி வந்தார். சிங்களக்காரர். தமிழைத் தோட்டத்து நோயாளிகளிடம் கற்றவர், அதனால் அவர் பேசுவது எங்கள் லயத்துப் பேச்சாகவே இருக்கும். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரும் துணித்துண்டுகளும் கொண்டுவரச் சொன்னார்.

"பால் வேணாம். துணிய நனைச்சுப் புழிஞ்சு ஒதட்டுல மட்டும் தடவுங்க. காஞ்சு போயிருக்கு பாருங்க. ஆளுக்கு ஒரு தரம். சத்தம் போடாம, வரிசையா."

வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் சன்னாசியின் உதட்டைத் தடவி, தலையைத் தொட்டு, "ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா" என்றார்கள். சன்னாசிக்குக் காய்ந்துபோயிருந்த உதடு மட்டுமல்ல, முகமே தெளிந்துவிட்டது. ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இனி எமன் வந்தாலும், எனக்கு எப்பவோ ஊத்தியாச்சுப்பா, நீ போயிட்டு வான்னுருவேன்."

4

எடித்திடம் கேட்டேன். "ஆர்தருக்குக் குடிக்க என்ன பிடிக்கும்?"

"தேத்தண்ணிதான். கறுப்பா, கெட்டியா. பால் பேருக்கு ஒரு சொட்டு. எழும்பினதுல இருந்து படுக்குற வரைக்கும் அதேதான்."

இங்கே வாயைச் சுத்தம் செய்ய நுனியில் பஞ்சு வைத்த சின்னக் குச்சிகள் உண்டு. நாங்கள் தண்ணீரில் நனைத்து, விழுங்க முடியாதவர்களின் வாயைத் துடைப்போம். தண்ணீருக்குப் பதில் தேத்தண்ணியில் நனைத்தால் என்ன? டாக்டரிடமும், விழுங்குவதைப் பரிசோதிக்கிற நிபுணரிடமும் கேட்டேன். பஞ்சை நன்றாகப் பிழிந்து ஈரம் மட்டும் படவேண்டும், தலையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி இருவரும் சரி என்றார்கள். மனம்போனபடி செய்கிற ஆள் நான் இல்லை. கேட்டுத்தான் செய்தேன்.

அடுத்த நாள் எடித் ஒரு பிளாஸ்கோடு வந்தார். அந்தத் தேயிலை நம் மலையிலிருந்து வந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். பெட்டியில் கென்யா என்று போட்டிருந்தது. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

குச்சியை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு பிழிவது என்று காட்டினேன். அவசரத்தில் என் வாயில் தமிழ் வந்துவிட்டது. "ஆ காட்டுங்க" என்றேன். ஆர்தர் வாயைத் திறந்தார். எடித் என்னைப் பார்த்தார், நான் எடித்தைப் பார்த்தேன், இருவரும் சிரித்துவிட்டோம். பேச்சு போன பிறகும் குரல் விளங்குகிறது போல.

பஞ்சு நாக்கில் பட்டதும் ஆர்தர் அதை உதடுகளால் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். எடித் எழுந்து மேல்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு குச்சியை மறுபடி நனைத்தபடி ஏதேதோ பேச ஆரம்பித்தார். ஆடுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்த வீட்டுக்காரன் வேலியை என்ன செய்தான், எல்லாம். அதுவரை அவர் ஆர்தரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

5

பிறகுதான் மகன் கீத் வந்தார். தெற்கே தூரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. பல மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்போடு வார்டுக்குள் நுழைந்தபோது, அவர் கண்ணில் முதலில் பட்டது சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிற தாய். கையில் குச்சி, கிண்ணம். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன்.

"எங்கப்பாவுக்குச் சாப்பாட்டையும் தண்ணியையும் நிப்பாட்டிட்டு, எங்கம்மா கையில ஒரு குச்சியக் குடுத்துட்டீங்களா? இதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எடித் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அன்றே முறைப்பாடு போனது.

எங்கள் வார்டின் பொறுப்பாளர் ஃபியோனா நல்ல மனுஷி. ஆனால் விதி என்றால் விதி. என்னை அறைக்குக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை நோயாளியின் வீட்டார் யாரும் வாய் நனைக்கக் கூடாது, தாதிகள் மட்டுமே செய்யலாம் என்றார். விசாரணைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். சில வாரங்கள் என்றார்.

"ஆர்தருகிட்ட சில வாரம் இல்ல ஃபியோனா."

"எனக்குத் தெரியும், ஜெசிந்தா."

வெளியே வந்து பார்த்தேன். எடித் மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை மடியில். ஆர்தரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எனக்கு என்மேல் வந்த முறைப்பாடு பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பிளாஸ்க் மூடியோடு மேசையில் இருந்ததுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. இந்த மனிதர் போவதற்குள் எடித்தின் கையில் அந்தக் குச்சி திரும்பி வரவேண்டும். மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபியோனாவிடம் திரும்பிப் போனேன். "மகன்கூட நான் பேசணும். நீங்களும் கூட இருங்க" என்றேன். அவர் யோசித்தார். பிறகு சரி என்றார். அதற்காக அவரை நான் எப்போதும் மெச்சுவேன்.

6

வீட்டாருடன் பேசுவதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. கீத் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். சண்டைக்குத் தயாராக இருந்தார். நானும் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் முதலில் சொன்னதைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது.

"போன்ல சொன்னாங்க, வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு. அவ்வளவுதான் சொன்னாங்க. ஒரு மனுசனுக்குத் தண்ணியக் கூட நிறுத்திட்டீங்களே."

இதே வார்த்தையை நான் கொழுந்து லொறியில் வந்த சனத்தின் வாயில் கேட்டிருக்கிறேன். சன்னாசியின் வீட்டார் பயந்த பயம்தான் இந்தப் படித்த மனிதரின் முகத்திலும் இருந்தது. ஒரே வித்தியாசம், சன்னாசி பிழைக்கப்போகிறவர்.

நேராகச் சொன்னேன். "உங்க அப்பா போகப்போறார், கீத். நாங்க தண்ணிய நிறுத்தினதால இல்ல. தண்ணி குடுத்தா அது நுரையீரல்ல இறங்கி, திணறித் திணறிப் போவார். அதத்தான் தடுக்கிறோம். அவருக்கு இப்ப நம்மால குடுக்க முடிஞ்சது உதட்டுல ஈரம் மட்டுந்தான். அத நான் செய்யலாம். என் கை அவருக்குத் தெரியாது. உங்க அம்மா கை தெரியும்."

போகப்போகிறார் என்ற சொல்லை அதுவரை யாரும் கீத்திடம் சொல்லவில்லை போலும். 'நிலைமை பாரதூரம்' என்று சொல்லியிருப்பார்கள், 'ஆறுதல் சிகிச்சை' என்று சொல்லியிருப்பார்கள். அவர் கோட்டுப் பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார். கையில் ஒரு சின்ன விஸ்கிப் போத்தல்.

"வருசப் பொறப்புக்கு அப்பாவும் நானும் ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிப்போம். கடைசியா ஒரு வாய் குடுத்துறலாம்னு வாங்கியாந்தேன்" என்றார். பிறகு அழுதார்.

நான் போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாப்பாத்தி செம்பில் கொண்டுவந்தது இதுதான். மடுல்சீமையில் பால், இங்கே விஸ்கி. என்னைத் திட்டிய மனிதர், நான் எடித்துக்குச் செய்யக் கொடுத்ததையேதான் தானும் செய்யத் துடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஃபியோனாவின் பக்கம் திரும்பினேன். "விஸ்கிய நல்லாத் தண்ணி கலந்து, பஞ்சுல. டாக்டர்கிட்ட நானே கேக்குறேன்."

ஃபியோனா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வீட்டார் எழுத்துல சம்மதம் குடுத்தா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். அழும்போதும் எழுத்தில் கேட்பார்கள். அதுதான் இந்த நாடு.

7

டாக்டர் சரி என்றார். மறுநாள் பகல் கீத்தின் பிள்ளைகளும், ஆர்தரின் தம்பியும், அவருடைய ஆடுகளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். கட்டிலருகே இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது சட்டம். ஃபியோனா அன்றைக்குத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எடித் தேத்தண்ணி கொடுத்தார். கீத் விஸ்கி கொடுத்தார். அது பட்டதும் ஆர்தர் முகத்தைச் சுளித்துப் பிறகு நாக்கை நீட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். எப்படிப் பிழிவது என்று நான் ஒருவருக்குக் காட்ட, அவர் அடுத்தவருக்குக் காட்டினார். சேற்றுச் சப்பாத்தோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் கடைசியாக நின்று, வேலி விஷயத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆர்தரின் உதட்டைத் தடவினார். நான் ஒதுங்கி நின்று பார்த்தேன். இதற்குத்தானே படித்தேன் என்று பெருமையாக இருந்தது. பதுளையில் படித்தேன் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன். பதுளை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் ஆர்தர் போனார். எடித்தின் கை அவர் கன்னத்தில் இருந்தது. வாய் காயவில்லை.

முறைப்பாட்டைத் திரும்பப் பெறக் கீத் மேலிடத்துக்குப் போயிருக்கிறார். பதிந்ததைத் திரும்பப் பெற முடியாதாம், பதில் எழுதித்தான் மூட முடியுமாம். ஆகவே அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் பதில் எழுதுவதற்குள் ஃபியோனா என்னை வார்டில் உள்ள எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வைத்துவிட்டார். தாதிகள், உதவியாளர்கள், வாரக் கடைசியில் மட்டும் வருகிறவர்கள், எல்லோருக்கும். வீட்டாரிடம் என்ன கேட்பது, என்ன பயப்படுவார்கள், அதை எந்த வார்த்தையில் சொல்வது, குச்சியை எப்படி அவர்கள் கையில் கொடுப்பது. குசுமா மிஸ்ஸியின் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு வகுப்பையும் தொடங்கினேன்.

இதையெல்லாம் வீட்டில் என் மகள் ஷாலினியிடம் சொல்லிக்கொண்டு சமைத்தேன். அவள் இங்கே பிறந்தவள். மடுல்சீமைக்கு ஒரே ஒரு தடவை வந்து, அட்டை கடித்ததை மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அன்றைக்குப் போனைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கடைசியில் அவளே தமிழைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"அம்மா, உங்களுக்கு ஒரு நாள் இப்படி ஆனா? இங்க நமக்கு யாரும் இல்லயே. நான் ஒருத்திதான். எனக்கு அது ஒண்ணும் செய்யத் தெரியாதே."

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோரும் மனதுக்குள் வைத்திருக்கிற கேள்வி அது. நானும் வைத்திருந்தேன். யாரும் கேட்டுவிடக் கூடாது என்று வைத்திருந்தேன். இவள் கேட்டுவிட்டாள், கண் கலங்கி நிற்கிறாள். எனக்கோ பதில் கையில் தயாராக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னேன்.

"நீ என்னத்துக்குப் பயப்படுற? அந்த வார்டுல இருக்குற அத்தன பேருக்கும் நான் சொல்லிக் குடுத்தாச்சு. அன்னைக்கு யாரு டியூட்டில இருந்தாலும் ஒன்னக் கூப்புட்டு, ஒன் கையில குடுத்து, எப்புடின்னு காட்டுவாங்க. பிழையாக் காட்டினாங்கன்னா நானே கண்ணத் தொறந்து ஏசுவேன்."